கூட்டு மருந்து ஆய்வில் ஓர் உள்ளங்கால் மெலனோமா: சேர்ந்தது முதல் முடிவு வரை

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் மருந்து ஆய்வுகளின் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். ஆய்வில் சேருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது, தேதி தவறாமல் வரவழைப்பது, ரத்த மாதிரி, ஸ்கேன், படிவம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. தமிழ் பேசும் நோயாளி என்றால் பெரும்பாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒருவருக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதம் உண்டு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆய்வின் பெயரும் மருந்து நிறுவனத்தின் பெயரும் இதில் இல்லை.

தோல் புற்றுநோய்க்குக் கூட்டு மருந்து, அதாவது இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்றால், தமிழில் படிக்கக் கிடைப்பதெல்லாம் புதிய மருந்து வந்துவிட்டது என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. அந்த மருந்தை ஏற்றிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போன பிறகு சமையலறையிலும் குளியலறையிலும் என்ன நடக்கிறது என்பதைத்தான் நம் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

## பின்னணி

நோயாளி அறுபதைத் தாண்டியவர். பட்டர்வொர்த் பக்கம் வீடு. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தார். நாளிதழை வரி விடாமல் படிப்பார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் மனைவியும் மகனும். மகள் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் மலாய்ப்பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது.

இடது குதிகாலில் மூன்று வருடமாக ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் விற்கும் பிளாஸ்டரை ஒட்டிவந்தார். ஒரு தனியார் கிளினிக்கிலும் ஆணி என்றுதான் சொன்னார்கள். இரண்டு முறை சுரண்டிவிட்டார்கள். சுரண்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. பிறகு ஒரு தைப்பூசத்தன்று வெறுங்காலோடு பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தார். படியேறி இறங்கியபின் குதிகாலில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. கண்ணாடித் துண்டு ஏதும் குத்தியிருக்கும் என்று மனைவி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லை. திட்டு ஐம்பது சென் நாணயத்தைவிடப் பெரிதாகியிருந்தது. நடுவில் புண். ஓரத்தில் ஒரு பக்கம் வெளிறிய பழுப்பு, ஒரு பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. மறுநாளே அரசுக் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்து தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

பயாப்சியில் மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் உண்டாகும் புற்றுநோய் இது. வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வரும் நோய் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும் வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஆசியர்களிடம் மெலனோமா வருவதே குறைவு. வந்தால் அதிகம் காண்பது இந்த வகைதான். கறுத்த தோல் உள்ளவர்கள் இந்த நோய் நமக்கு வராது என்று நினைத்துக்கொள்வதாலும், இருக்கும் இடம் கண்ணில் படாததாலும் இதைத் தாமதமாகவே கண்டுபிடிக்கிறோம்.

இவருக்குக் கட்டியின் ஆழம் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடையிடுக்கு நெறிக்கட்டியிலும் நோய் இருந்தது. எட்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சிறுசிறு கட்டிகள் தெரிந்தன. மூளை சுத்தமாக இருந்தது. அவருக்கு இருமல்கூடக் கிடையாது.

## அப்போது கையில் இருந்த வழிகள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன.

ரொம்ப காலம்வரை, பரவிய மெலனோமாவுக்கு டாகார்பசின் என்ற கீமோ மருந்தை விட்டால் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அதிலும் பத்தில் ஒருவர் இருவருக்குத்தான் கட்டி சுருங்கும். 2011-ல் இபிலிமுமாப் வந்தது. நோயை எதிர்த்துப் போராடும் நம் உடம்பின் டி செல்கள் எல்லை மீறாமல் இருக்க இயற்கையே அவற்றுக்குச் சில தடைகளைப் போட்டு வைத்திருக்கிறது. புற்றுநோய் அந்தத் தடைகளைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. சிடிஎல்ஏ-4 என்ற தடையை எடுக்கும் மருந்து இபிலிமுமாப். பிடி-1 என்ற இன்னொரு தடையை எடுப்பவை நிவோலுமாப், பெம்புரோலிசுமாப். இந்த இரண்டு தடைகளைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த பெரிய ஆய்வு செக்மேட் 067. 945 பேர், மூன்று குழுக்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் கூட்டு மருந்துக் குழுவில் 52 சதவீதம், நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் 44, இபிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 26. அதே ஆய்வில் மருந்தால் வந்த கடுமையான பக்கவிளைவுகள் கூட்டு மருந்தில் 59 சதவீதம், நிவோலுமாப் மட்டும் என்றால் 23. செய்தித்தாளில் முதல் வரிசை எண்கள் மட்டும்தான் வரும். நோயாளியிடம் பேசும்போது இரண்டு வரிசையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 44-க்கும் 52-க்கும் உள்ள தூரத்துக்காக 23-லிருந்து 59-க்குப் போகலாமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு வகைக் கூட்டு மருந்தும் உண்டு. கட்டியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருந்தால் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இரண்டையும் மாத்திரையாகவே கொடுக்கலாம். சீக்கிரம் கேட்கும், ஆனால் பலருக்கு ஒரு கட்டத்தில் கட்டி மறுபடி வளரும். ஐந்து வருட உயிர்பிழைப்பு 34 சதவீதம். வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். உள்ளங்கால் வகையில் அது குறைவு. இவருடைய கட்டியில் இல்லை. கிட் என்ற மரபணுவையும் பார்த்தார்கள். அதிலும் மாற்றம் இல்லை. மாத்திரை வழி அடைபட்டது.

இரண்டு மருந்து சேர்ந்தாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பெம்புரோலிசுமாபுடன் எபகாடோஸ்டாட்டைச் சேர்த்தபோது ஆரம்ப ஆய்வுகளில் எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தார்கள். 2018-ல் 706 பேரை வைத்துச் செய்த ஆய்வு முடிவு வந்தபோது சேர்த்ததால் எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தது. இதற்கு மாறாக, நிவோலுமாபுடன் ரெலாட்லிமாபைச் சேர்த்தபோது நோய் வளராமல் இருந்த காலம், நடுமதிப்பில், 4.6 மாதத்திலிருந்து 10.1 மாதமானது, 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எது எபகாடோஸ்டாட், எது ரெலாட்லிமாப் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஆய்வு.

எனக்கு மனதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நோயாளிகளிடமிருந்து வந்தவை. வெயிலால் வந்த கட்டிகள். அவற்றில் மரபணு மாற்றங்கள் ஏராளம். டி செல்களுக்கு அடையாளம் காண்பது சுலபம். உள்ளங்கால் கட்டியில் மாற்றங்கள் குறைவு. மருந்துக்கு அது மடங்குவதும் குறைவு. நம் ஆட்கள் ஆய்வுகளில் சேராதவரை நமக்கான எண்கள் கிடைக்கப்போவதில்லை.

இவருக்கு மிஞ்சியவை மூன்று வழிகள். பழைய கீமோ. சொந்தச் செலவில் பிடி-1 மருந்து, ஒவ்வொரு தவணைக்கும் பல ஆயிரம் ரிங்கிட். அல்லது அப்போது எங்கள் மருத்துவமனையில் நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டு மருந்து ஆய்வு. அந்த ஆய்வில் எல்லோருக்கும் பிடி-1 மருந்து உண்டு. பாதிப் பேருக்கு அதோடு இன்னொரு தடைநீக்கி மருந்து, மீதிப் பேருக்கு அதன் இடத்தில் வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று கணினி பிரிக்கும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

## முதல் முடிவு: யாரிடம் சொல்வது

மகன் எங்கள் அறைக்குத் தனியாக வந்தார். அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்ல வேண்டாம், கையெழுத்தைத் தான் வாங்கித் தருகிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் இது அன்பின் ஒரு வழிதான். ஆனால் டாக்டர் மறுத்துவிட்டார். என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்து என்று தெரியாத ஒருவரை ஆய்வில் சேர்க்க, ஆய்வுகளை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றையும் சொன்னார்: இந்த மருந்தின் ஆபத்தை முதலில் உணரப்போகிறவர் நோயாளிதான், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாதவர் எதையும் சொல்ல மாட்டார்.

அடுத்த முறை குடும்பமே வந்தது. நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்ல இருந்தத வெட்டி எடுத்து, தொடைத் தோல எடுத்து ஒட்டுனாங்க. ஆணிக்கு அப்படிச் செய்வாங்களா டாக்டர்? எனக்குத் தெரியும். இவன்தான் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

அதன்பிறகு எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

## சம்மதம்

ஆய்வு விளக்கப் படிவம் தமிழிலும் உண்டு. நீளம் அதிகம், நடை கடினம். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் கழித்துப் பென்சில் கோடுகளோடு திருப்பிக் கொண்டுவந்தார். மகனால் அதைப் படிக்க முடியவில்லை. அவருக்கு மலாய்ப் படிவம் கொடுத்தோம். கணவனும் மனைவியும் தமிழில் படித்ததும் மகன் மலாயில் படித்ததும் வீட்டில் ஒரே பேச்சாக ஆகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

டாக்டர் மருந்து வேலை செய்யும் விதத்தைப் பிரேக்கை வைத்து விளக்கினார். லாரி ஓட்டியவர் உடனே கேட்டார்: "ஒரு பிரேக்க எடுத்தா வண்டி ஓடும், சரி. ரெண்டு பிரேக்கையும் எடுத்துட்டா எங்க போய் இடிக்கும்?"

இந்த ஆய்வு முழுவதும் கேட்கும் கேள்வி இதுதான். டாக்டர் நேராகப் பதில் சொன்னார். தோலில் இடிக்கலாம், அரிப்பும் தடிப்பும் வரும். தைராய்டில் இடிக்கலாம். குடலில் இடித்தால் வயிற்றுப்போக்கு. ஈரல், நுரையீரல், அபூர்வமாக இதயம். எந்த நேரத்திலும் வரலாம், மருந்தை நிறுத்திப் பல வாரம் கழித்தும் வரலாம். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாம், தாமதித்தால் குடலில் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவர் இன்னும் இரண்டு கேட்டார். மருந்தால் ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவு யாருடையது? ஆய்வை நடத்தும் நிறுவனத்துடையது. நடுவில் வேண்டாம் என்றால் விடுவீர்களா? எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். மற்றச் சிகிச்சை தொடரும். மூன்றாவதாக ஒன்றை அவர் கேட்கவில்லை, எங்கள் படிவத்திலும் அதற்குத் தெளிவான பதில் இல்லை: பக்கவிளைவு வந்தால் நீங்களே என்னை வெளியேற்றிவிடுவீர்களா, வெளியேற்றினால் நோய்க்கு என்ன ஆகும்? அந்தக் கேள்வியை அவர் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார்.

மனைவி தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்துவந்ததாகச் சொன்னார். ஈரலுக்கு நல்லது என்று. நிறுத்தச் சொன்னோம். கீழாநெல்லியைப் பழிக்கவில்லை என்பதையும் விளக்கினோம். ஈரல் எண்கள் ஏறினால் அது ஆய்வு மருந்தாலா வேறு எதனாலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். அவர் ஒத்துக்கொண்டார். ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி, தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்தாயிற்று. தடை ஏதும் இல்லை. சேர்ந்தார்.

## மருந்து தொடங்கியபின்

மூன்று வாரத்துக்கு ஒரு தவணை. முதல் தவணைக்குப் பிறகு முதுகில் அரிப்பு, களிம்பில் அடங்கியது. இரண்டாவது தவணைக்குப் பிறகு களைப்பு. ரத்தத்தில் தைராய்டு எண்கள் மாறியிருந்தன; கொஞ்ச நாளில் தைராய்டு மந்தமானது. தினமும் காலையில் ஒரு மாத்திரை என்று முடிவானது. மருந்து நிற்கவில்லை.

மூன்றாவது தவணை ஏறி பத்து நாள் இருக்கும். வாராந்திரத் தொலைபேசி அழைப்பில் வயிறு எப்படி என்று கேட்டேன். "கொஞ்சம் போச்சு. இப்ப பரவால்ல" என்றார். எத்தனை முறை என்று கேட்டதற்கு இரண்டு மூன்று என்றார். நேற்று வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே காரணமும் சொன்னார். பக்கவிளைவின் கடுமையை நிலைகளாகப் பிரிப்பார்கள்; அந்த எண்ணிக்கை லேசான முதல் நிலை. கவனித்துக்கொண்டு, இரண்டு நாளில் மறுபடி அழைக்க வேண்டும் என்று பதிவாகியது.

மறுமுறை அழைத்தபோது மனைவி எடுத்தார். அங்கிள் எங்கே என்றேன். தூங்குகிறார் என்றார். பகல் பதினொரு மணி. ஆண்ட்டி, ராத்திரி தூங்கவில்லையா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்கேம்மா தூங்குறாரு. ஹால்லயே பாய் போட்டுக்கிட்டாரு, பாத்ரூம் பக்கத்துல. நேத்து மட்டும் மூணு கைலி தொவச்சேன். உங்ககிட்ட சொன்னா மருந்த நிறுத்திருவாங்கன்னு சொல்லக் கூடாதுன்னாரு."

விசாரித்ததில் முழுக்கதையும் வந்தது. நாலு நாளாக ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல். சளியும் கொஞ்சம் ரத்தமும். மாதுளைத் தோல் கஷாயம், மோர்சாதம். பக்கத்துக் கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்து ஏறுகிறது என்று மகன் சொல்லியிருக்கிறார். அங்கே அதைக் கீமோ என்று எடுத்துக்கொண்டு, உணவு ஒவ்வாமை என்று வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையால் ஒரு நாள் குறைந்தது. அந்த ஒரு நாளில்தான் நான் முதலில் பேசியது. மகன் படித்த மலாய்ப் படிவத்தில் இந்த எச்சரிக்கை இருந்தது. ஆனால் எத்தனை முறை போகிறது என்பது அவருக்குத் தெரியாது, அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். எண்ணிக்கை தெரிந்த மனைவிக்கோ பேசக் கூடாது என்று கட்டளை.

அன்று மாலையே வார்டில் சேர்த்தோம்.

## இரண்டாவது முடிவு: குடல் அழற்சி

வந்தபோது நாக்கு வறண்டிருந்தது, ரத்த அழுத்தம் குறைந்திருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது, சிறுநீரக எண் ஏறியிருந்தது. கிருமித் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய மலப் பரிசோதனை அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் டிரிப்ஸும் ஸ்டீராய்டும் தொடங்கினார்கள். மறுநாள் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடல் சுவர் சிவந்து, ஆங்காங்கே புண்ணாக இருந்தது. வழக்கத்தைவிட ஏழு முறையோ அதற்கு மேலோ கூடினால் மூன்றாம் நிலை. இவருடையது அந்த நிலைதான்.

தீவிரப் பக்கவிளைவு என்பதால் நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும், போனது. நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தோம்.

எடைக்கு ஏற்ற அளவில், கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை ஸ்டீராய்டு. சர்க்கரை உடனே எகிறியது. இன்சுலின் போட வேண்டியதாயிற்று. மூன்று நாளாகியும் எண்ணிக்கை எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஸ்டீராய்டுக்கு மசியாத குடல் அழற்சிக்கு அடுத்த படி, நோயெதிர்ப்பை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப். அதைக் கொடுக்கும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா, ஹெப்படைட்டிஸ் பி உண்டா என்று பார்த்தாக வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து இந்த மருந்தும் ஏறினால் அது விழித்துக்கொள்ளும். ஹெப்படைட்டிஸ் முடிவு முன்பே கோப்பில் இருந்தது. காசநோய் ரத்தப் பரிசோதனை சேரும்போது செய்யப்படவில்லை, ஆய்வுத் திட்டத்தில் அது கட்டாயமும் இல்லை. அதற்காக இரண்டு நாள் போனது. மலேசியாவில் காசநோய் சாதாரணமாக உள்ள ஒன்று. அந்த இரண்டு நாளும் டாக்டர் காலையும் மாலையும் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல் ஓட்டையாகிவிட்டதா என்று ஒரு முறை அவசர ஸ்கேனும் எடுத்தார். ஓட்டை இல்லை. முடிவு நெகட்டிவ் என்று வந்ததும் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் மருந்து ஏறியது. அடுத்த நாளே எண்ணிக்கை நாலுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் இட்லி கேட்டார்.

## மூன்றாவது முடிவு: குறியீட்டைத் திறப்பதா

வார்டில் மகன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அப்பாவுக்கு ஏறியது ஒரு மருந்தா இரண்டா என்று இப்போதாவது சொல்லுங்கள். யாருக்கு எது ஏறியது என்ற குறியீட்டை அவசரத்தில் திறந்து பார்க்க ஆய்வில் வழி உண்டு. டாக்டர் திறக்கவில்லை. ஒரு மருந்தால் வந்தாலும் இரண்டால் வந்தாலும் இந்தக் குடல் அழற்சிக்குச் சிகிச்சை ஒன்றுதான். தெரிந்துகொள்வதால் அடுத்து செய்யப்போவது எதுவும் மாறாது. காரணமில்லாமல் ஒவ்வொருவருக்காகத் திறந்துகொண்டே போனால், கூட்டு மருந்து உண்மையில் கூடுதல் பலன் தருகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். மகனுக்குக் கோபம் இருந்தது. எனக்கு அவர் வருத்தம் புரிந்தது. ஆனாலும் அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிகிச்சை மாறும் என்றால் அந்த நிமிடமே திறந்திருப்பார்கள்.

ஆய்வு மருந்தை நிரந்தரமாக நிறுத்துவது என்று முடிவானது. மூன்றாம் நிலைக் குடல் அழற்சிக்கு இந்த ஆய்வின் விதி அதுதான்.

இந்தச் செய்தியை அவரிடம் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்" என்றார். அப்போது டாக்டர் சொன்னது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி. கூட்டு மருந்தை ஆரம்பத்திலேயே பக்கவிளைவால் நிறுத்தியவர்களையும் தொடர்ந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2017-ல் ஓர் அலசல் வெளியானது. இரண்டு தரப்புக்கும் பலன் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. தூண்டிவிடப்பட்ட டி செல்கள் மருந்து நின்றதும் தூங்கிப் போவதில்லை. அவர் இதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

## பின்னர் நடந்தது

ஸ்டீராய்டை ஆறு வாரத்துக்கு மேல் எடுத்து மெல்ல மெல்லக் குறைத்தார்கள். சட்டென்று நிறுத்தினால் குடல் மறுபடி கிளம்பும். அந்த நாட்களில் நுரையீரல் தொற்று வராமலிருக்க ஒரு மாத்திரை, இரவில் இன்சுலின். மருந்து நின்றாலும் ஆய்வில் அவர் இருந்தார். குறித்த தேதிகளில் ஸ்கேன் தொடர்ந்தது. பக்கவிளைவு வந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் மிச்சம் கிடைக்கும் எண்கள் பொய்யாகிவிடும்.

பன்னிரண்டாவது வார ஸ்கேனில் நுரையீரல் கட்டிகள் சுருங்கியிருந்தன. அளவுகளின் கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் பகுதிப் பலன் என்பார்கள். அவருக்கு அதைவிட அதிகம். அடுத்த ஸ்கேனில் இன்னும் குறைந்தது. ஒரு வருடத்துக்கு மேல் மருந்தே இல்லாமல் அப்படியே இருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த தைப்பூசத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் ஊற்றினார்.

அதன்பிறகு ஈரலில் புதிய கட்டிகள் தெரிந்தன. பிடி-1 மருந்தை மட்டும் மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா என்று பேசினோம். குடல் திரும்பக் கிளம்பும் வாய்ப்பையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார். யோசித்து, மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசிவிட்டுச் சொன்ன பதில் அது. வலி நிவாரணக் குழு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டது. ஆய்வில் சேர்ந்து இரண்டு வருடம் நிறையும் முன் வீட்டிலேயே காலமானார்.

அவர் எந்தக் குழுவில் இருந்தார் என்பது இதை எழுதும்வரை எங்களுக்குத் தெரியாது. ஆய்வு முடிந்து குறியீடு திறக்கும்போது தெரிந்துகொள்ள விரும்புவதாக மகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிதம் கோப்பில் இருக்கிறது.

## இதன்பிறகு மாற்றிய நடைமுறைகள்

பெரிய மாற்றம் சம்மத நாளில். மருந்தை நிறுத்த நேர்ந்தால் அது தோல்வி இல்லை, நிறுத்திய பிறகும் பலன் தொடரலாம், உடம்பில் நடப்பதைச் சொன்னதற்காக யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம் என்பதை டாக்டர் தன் வாயால், நோயாளியும் வீட்டில் சமைப்பவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்கிறார். படிவத்தில் இருக்கிறதே என்று இப்போது விடுவதில்லை.

வயிறு எப்படி என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். "பரவால்ல" என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மருந்து தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலேயே ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறார் என்று எழுதி வைக்கிறோம். அதிலிருந்து எத்தனை கூடியது, இரவில் எழுந்தாரா, துணி நனைந்ததா, ரத்தம் இருந்ததா என்று கேட்கிறோம். அழைப்பு நோயாளிக்கு ஒன்று, வீட்டில் இருப்பவருக்குத் தனியாக ஒன்று. இப்படிச் செய்யப்போகிறோம் என்று சேரும்போதே நோயாளியிடம் அனுமதி வாங்கிவிடுகிறோம்; அவருக்குத் தெரியாமல் விசாரிப்பதாக ஆகக் கூடாது.

ஒவ்வொருவரிடமும் பர்ஸில் வைக்கும் அளவில் ஓர் அட்டை இருக்கிறது. ஒரு பக்கம் நோயாளியின் மொழி, மறுபக்கம் மலாயும் ஆங்கிலமும். இவர் எடுப்பது கீமோ இல்லை, நோயெதிர்ப்பு மருந்து. வயிற்றுப்போக்கை நிறுத்த மாத்திரை கொடுக்கும் முன் எங்களை அழையுங்கள் என்று எழுதி, இரவிலும் எடுக்கும் எண்ணைப் போட்டிருக்கிறோம். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் அதை நீட்டச் சொல்கிறோம். காசநோய் ரத்தப் பரிசோதனையை ஆய்வுத் திட்டம் கேட்காவிட்டாலும் சேரும்போதே செய்துவிடுகிறோம்.

கால் ஆணி விஷயம் எங்கள் ஆய்வு அறைக்கு வெளியே உள்ளது. ஆனாலும் தோல் பிரிவோடு சேர்ந்து பட்டர்வொர்த், பிறை பக்கத்துக் கிளினிக்குகளுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம், உள்ளங்கால் மெலனோமாவின் படங்களோடு. ஆணி என்று சுரண்டும்போது அடியில் கறுப்பு தெரிந்தால், ஓரம் ஒழுங்கில்லாமல் பரவியிருந்தால், மாதக்கணக்கில் ஆறாமல் திரும்பத் திரும்ப வந்தால், சுரண்டுவதை நிறுத்திவிட்டுத் தோல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம். சில கிளினிக்குகள் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கின்றன. அதைத் தமிழ் விளக்கத்தோடு தயாரிக்கும் வேலை இப்போது நடக்கிறது.